தம்பிதுரையின் பிஹெஸ்ட்

முடிச்சு அவிழ மறுத்தது.

புவனா நகத்தால் நெம்பிப் பார்த்தாள். பல்லால் கடித்து இழுத்தாள். ம்ஹூம். வாழைநார் இன்னும் இறுகியதுதான் மிச்சம். எலுமிச்சம்பழம் அளவுள்ள ஒரு வாழையிலைப் பொட்டலம் தனக்கு இப்படித் தண்ணி காட்டும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

வெளியே வாய்க்கால் படியில் பூசாரியின் இருமல் கேட்டது. அபிஷேகத்துக்குக் குடம் நிரப்பிக்கொண்டிருக்கிறார். அப்பா வாசல் பெருக்கிவிட்டு, வருகிறவர்களுக்கு வழிகாட்ட மெயின் ரோடு வரை போயிருக்கிறார். கோயிலுக்குள் அவளும் செல்லாண்டியாத்தாளும் மட்டும்தான்.

ஆத்தாளின் காலடியில் இதே மாதிரி இன்னொரு பொட்டலம் இருந்தது. ஒன்றில் நந்தியாவட்டை, மற்றதில் செவ்வரளி. வெள்ளை வந்தால் அவளுக்கும் ரவிதேஜாவுக்கும் கல்யாணம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும். குடும்பத்தின் முன்னால் அவளே தலையாட்டி ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது.

ஒப்புக்கொண்டவள், கைப்பைக்குள் இரண்டு நந்தியாவட்டைப் பூக்களை ஒளித்து எடுத்து வந்திருந்தாள். திட்டம் எளிமையானது. சிவப்பு இருக்கிற பொட்டலத்தைக் கண்டுபிடி. அரளியை எடு. வெள்ளையை வை. அப்புறம் யார் எதை எடுத்தால் என்ன?

அந்த இரண்டு பூவுக்கே பெரும்பாடு பட்டாள். விடிகாலையில் தோட்டத்தில் போய்ப் பார்த்தால் நந்தியாவட்டைச் செடி மொட்டையாக நின்றது. அம்மா பூஜைக்குப் பறித்திருப்பாள் போல. இலைக்கடியில் தப்பிய இரண்டே பூதான் கிடைத்தது. வேலியோரத்துச் செவ்வரளியோ ஒரு பூக்கூடக் குறையாமல் கொத்துக்கொத்தாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிற பேராசிரியை. பரீட்சை ஹாலில் பிட் அடிப்பவர்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே அனுப்புகிறவள். இப்போது சாமி முன்னால் திருட்டு வேலை.

பொட்டலத்தைத் திருப்பினாள். முடிச்சுக்கு அடியில் நாரின் ஒரு நுனி மடித்துச் செருகியிருந்தது. அதைப் பிடித்து இழுத்தாள். சர்ரென்று ஒரே இழுப்பில் கட்டு முழுவதும் கையோடு வந்துவிட்டது. அடேயப்பா! கட்டியது நல்ல பழகின கைதான்.

இலையைப் பிரித்தாள்.

வெள்ளை.

அப்படியானால் சிவப்பு மற்றதில் இருக்கிறது. அதற்குக் கையை நீட்டினாள். அதற்குள் இருமல் வாசலுக்கே வந்துவிட்டது. குடத்துத் தண்ணீர் தளும்பித் தரையில் விழும் சத்தம். புவனா பதறி, பிரித்த பொட்டலத்தை மடக்கினாள். அந்த விசித்திர முடிச்சு எப்படிப் போடுவது என்று புரியவில்லை. தலைக்கு ரிப்பன் கட்டுகிற மாதிரி ஒரு சுருக்குப் போட்டாள். இருந்த இடத்தில் வைத்தாள். கும்பிடுகிற மாதிரி கைகளைக் குவித்துக்கொண்டாள்.

"நல்லாக் கும்பிட்டுக்குங் கண்ணு" என்றார் பூசாரி, உள்ளே வந்து. "ஆத்தா என்ன உத்தரவு குடுக்கறாளோ!"

சுருக்கு முடிச்சு வெள்ளை. செருகு முடிச்சு சிவப்பு. அது மட்டும் அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? எடுக்கப் போவது அவள் இல்லையே.

*

ரவிதேஜாவின் குடும்பத்துக்குப் பீளமேட்டில் பம்ப்செட் கம்பெனி. மோட்டாருக்கான கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கித் தரச் சொல்லி ஆர்.எஸ்.புரத்தில் அவள் தங்கியிருந்த விடுதிக்கு வந்தான். 'சுவிட்சை அணைக்கவும், மூடியைக் கழற்றவும், கையை விடாதே' என்று அவள் எழுதித் தந்ததைப் படித்துவிட்டு, "ஏனுங்க மேடம், மோட்டார் வாங்கறவரு நமக்குக் கஸ்டமருங்க. இப்படி மெரட்டினா பயந்து திருப்பிக் குடுத்துருவாரு" என்றான். அங்கே ஆரம்பித்தது.

வீட்டில் அவர்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். புவனாவின் பெரியப்பா சுப்பண்ணனுக்கு, வேண்டாம் என்று சொல்ல அந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

"அவிங்க வேற, நாம வேற. நாளைக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் மொகத்துல முழிக்க வேண்டாமா? ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடு தம்பி. அவ வேண்டாம்னா வேண்டாம். அவ சரின்னுட்டா நான் குறுக்க நிக்கமாட்டேன். பந்தல்காலே நான் நடறேன்."

சுப்பண்ணன் வராத கல்யாணத்துக்குப் பங்காளிகளில் ஒரு ஆள்கூட வரமாட்டார். அப்பா தம்பிதுரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "ஆகட்டுங்ண்ணா" என்றார். அவ்வளவுதான்.

அந்த "ஆகட்டுங்ண்ணா"தான் புவனாவுக்கு ஆறவில்லை. முந்தின நாள் சாயங்காலம் சொந்த ஊரான கோபிக்கு வந்து இறங்கியதும் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரீப்பா சொன்னாருன்னா, நீங்க ஒண்ணும் சொல்லமாட்டீங்களாப்பா?"

"நான் என்ன சொல்றது? ஆத்தா பிஹெஸ்ட் என்னவோ அதுதான் என்ற பிஹெஸ்ட்டு."

அம்மா நஞ்சம்மாள் அடுப்படியிலிருந்து, "ஆரம்பிச்சுட்டாரு எஸ்டேட்டுத் துரை" என்றாள்.

கல்யாணத்துக்கு முந்தி தம்பிதுரை வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தவர். தேயிலை சாம்பிள் பொட்டலம் கட்டி ஏலத்துக்கு அனுப்புகிற வேலை. அங்கே மேனேஜர் ஒருவர், எது தப்பாக நடந்தாலும் "அட் ஹூஸ் பிஹெஸ்ட்?" என்று கர்ஜிப்பாராம். யார் உத்தரவில் செய்தாய் என்று அர்த்தம். மேனேஜரை விட்டு, மலையை விட்டு இறங்கி வந்த தம்பிதுரை அந்த வார்த்தையை மட்டும் கையோடு கொண்டு வந்துவிட்டார். மாட்டை மாற்றிக் கட்டினால், "யாரு பிஹெஸ்ட்டு?" சாம்பாரில் உப்புக் கூடினால், "இது யாரு பிஹெஸ்ட்டுடி நஞ்சா?"

சின்ன வயதில் சிரித்த வார்த்தைதான். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது.

"அப்பா, அந்த வார்த்தைக்கு மொதல்ல உத்தரவுன்னு அர்த்தமே இல்லீங்க, தெரியுமா?"

"அப்பறம்?"

"ஆயிரம் வருசத்துக்கு முன்னால பிஹெஸ்ட்டுன்னா வாக்கு. ஒருத்தருக்கு ஒருத்தர் குடுக்கற சத்தியம். கடவுள் உங்களுக்கு இந்த மண்ணைத் தர்றேன்னு வாக்குக் குடுத்தாரே, பைபிள்ல, அந்த மண்ணுக்கு 'லேண்ட் ஆஃப் பிஹெஸ்ட்'னுதான் அந்தக் காலத்துல எழுதியிருக்காங்க. வாக்களிச்ச பூமி."

தம்பிதுரை துண்டால் முகத்தைத் துடைத்தவர், துடைத்த கையோடு அப்படியே நின்றார்.

"வாக்கு எப்படிக் கண்ணு உத்தரவாச்சு?"

"பக்கத்துலயே ஹெஸ்ட்டுன்னு ஒரு வார்த்தை இருந்துச்சுங்க. அதுக்குக் கட்டளைன்னு அர்த்தம். ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கவும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. கொஞ்சங் கொஞ்சமா வாக்கு பின்னால போயி, உத்தரவு முன்னால வந்துருச்சு. நம்ம உத்தரவு மட்டும் என்னங்க? உத்தரம்னா பதில். கேட்டவனுக்குச் சொல்ற பதில். அதுவும்தான் கட்டளையாயிப் போச்சு." அவள் அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள். "எல்லா ஊர்லயும் இப்படித்தானாட்டம் இருக்குது. பதில் சொல்ல வேண்டியவங்க, வாக்குக் குடுக்க வேண்டியவங்க, உத்தரவு போட்டுட்டு ஒதுங்கிக்கறாங்க."

தைத்தது போலத்தான் தெரிந்தது. ஆனால் அப்பா விறுவிறுவென்று தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

"விடு சாமி" என்றாள் அம்மா, தட்டில் சந்தகையைப் பிழிந்து போட்டபடி. "ஒரு மாசமாவே மனுசன் எதையோ யோசனை பண்ணிக்கிட்டுத் திரியறாரு. போன மாசம் நான் உன்ற மாமன் ஊட்டுக்குப் போயிருந்தப்ப மோட்டாரு ஓடாமப் போயிருச்சாமா. கோயமுத்தூர்ல இருந்து யாரோ வந்து ஒரே நிமிசத்துல சரி பண்ணிப்போட்டாங்களாம். அன்னையில இருந்தே இப்படித்தான். நீ தின்னு."

*

வெயில் ஏறுவதற்கு முன்பே எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். சுப்பண்ணன் வெள்ளை வேட்டியில் விறைப்பாக நின்றார். ரவிதேஜாவின் அம்மா அம்புஜம், பட்டுப்புடவைத் தலைப்பால் வியர்வையை ஒற்றியபடி காரிலிருந்து இறங்கினாள். ரவிதேஜா புவனாவைப் பார்த்தான். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"வாங்க" என்றார் தம்பிதுரை, முன்பின் தெரியாதவரைக் கூப்பிடுகிற குரலில். "தண்ணி குடிக்கறீங்களா?"

அப்பாவின் பின்னாலேயே தோட்டத்து நாய் ராக்கி ஓடி வந்தது. மோட்டார் ரூமில் கட்டிக் கிடக்கிற ஜீவன். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரின் பேன்ட்டைக் கிழித்த புண்ணியவான். புவனா பதறிப்போய், "ரவி, நகந்து நில்லுங்க, அது கடிக்கும்!" என்றாள்.

ராக்கி ரவிதேஜாவின் ஷூவை முகர்ந்தது. வாலை ஆட்டியது. அவன் காலடியிலேயே சுருண்டு படுத்துக்கொண்டது.

"நாய்க்கே மாப்பிள்ளையைப் புடிச்சுப்போச்சுங்க" என்றாள் அம்புஜம்.

"நாய்கிட்டப் பூக் கேக்கறதில்லீங்க எங்க ஊர்ல" என்றார் சுப்பண்ணன்.

யார் எடுப்பது என்கிற பேச்சு வந்தது. குழந்தையை வைத்து எடுக்கலாம் என்றாள் அம்புஜம். யார் வீட்டுக் குழந்தை என்று கேட்டார் சுப்பண்ணன். "அதெல்லாம் வேண்டாமுங்க. நம்ம கோயில் வழக்கம் ஒண்ணுதான். பூக் கேக்கறப்ப இந்த வழியா மொதல்ல வர்ற வெளியாளு எடுக்கோணும். ஆத்தா அனுப்பற ஆளு அது. எங்க தாத்தன் காலத்துல இருந்து மாறுனதில்லை, இனியும் மாறக் கூடாது."

எல்லாரும் மண்பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கொக்கு வந்தது. ஒரு எருமை வந்தது. அப்புறம் டட்டட்டென்று ஒரு மொபெட். பின்னால் வாழையிலைக் கட்டு. ஓட்டி வந்தது முக்காடு போட்ட ஒரு நடுவயதுப் பெண்மணி.

"ஏனுங்கக்கா, சித்த நில்லுங்க!" பூசாரி கையைக் காட்டினார்.

வண்டி நின்றது. "என்னங்க? ஓட்டலுக்கு இலை போடற நேரமுங்க. சட்டுனு சொல்லுங்க."

"உள்ள வந்து ஒரு பொட்டலம் எடுத்துக் குடுத்துட்டுப் போங்க. பொண்ணுக்குக் கல்யாணம் கூடுமான்னு பூக் கேக்கறோம்."

"நானுங்களா?" அந்தப் பெண்மணி இலைக்கட்டையும் கோயிலையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரு என்னன்னு கேக்க வேண்டாமுங்களா? என்ற பேரு சாஜிதா பேகமுங்க."

எல்லாருடைய கண்ணும் சுப்பண்ணன் மேல் திரும்பியது. தாத்தன் காலத்து வழக்கம் இப்போதுதான் அவர் வாயிலிருந்து வெளியே வந்து, சூடுகூட ஆறாமல் நின்றுகொண்டிருந்தது.

"ஆத்தா பேரு கேக்கறதில்லீங்க" என்றார் பூசாரி.

"அண்ணா?" என்றார் தம்பிதுரை, மெல்ல.

"...எடுக்கட்டும். வழக்கம் வழக்கந்தான்."

சாஜிதா பேகம் செருப்பைக் கழற்றினாள். வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டாள். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் ஒரு தட்டில் வைத்து வாசலுக்கே கொண்டுவந்து நீட்டினார். "நல்லா இரு கண்ணு" என்று புவனாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சாஜிதா கண்ணை மூடிக் கையை நீட்டினாள்.

விரல்கள் சுருக்கு முடிச்சின் மேல் இறங்கின. புவனா மனசுக்குள் கெஞ்சினாள். அதேதான்... அதையே எடுங்க...

விரல்கள் நகர்ந்தன. மற்றதை எடுத்தன.

செருகு முடிச்சு. சிவப்பு.

புவனா ரவிதேஜாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள். கோயிலின் கல்தரையில் சிந்தியிருந்த தண்ணீரைப் பார்த்தாள். தானே ஒப்புக்கொண்ட ஏற்பாடு. எதிர்த்துப் பேச ஒரு வார்த்தை மிச்சமில்லை.

பூசாரி முடிச்சோடு மல்லுக்கட்டினார். "என்ன எழவு கட்டுடா இது, கத்தி கொண்டாங்க."

"குடுங்க இப்படி" என்று தம்பிதுரை வாங்கினார். சர்ரென்று ஒரே இழுப்பு. நார் கையோடு வந்தது. பொட்டலத்தைப் பிரிக்காமல் அண்ணனிடம் நீட்டினார். "நீங்களே பாத்துச் சொல்லுங்ண்ணா."

சுப்பண்ணன் இலையை விரித்தார். வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"வெள்ளை" என்றார்.

அம்புஜம் தெலுங்கில் ஏதோ சொல்லி அழுதாள். நஞ்சம்மாள் தமிழில் அழுதாள். சாஜிதா பேகம், "அப்ப நான் வாரேனுங்க, கல்யாணத்துக்கு இலை என்ற கிட்டத்தான் வாங்கோணும்" என்று மொபெட்டை உதைத்தாள். சுப்பண்ணன் இலையில் இருந்த பூவை எடுத்து, கொஞ்சம் தயங்கி, ரவிதேஜாவின் கையில் வைத்தார். "ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. இனி என்ன பேச்சு? எப்ப வெச்சுக்கலாம்னு ஊட்டுல பேசிச் சொல்லுங்க மாப்பிள்ளை."

எல்லார் முகத்திலும் வெளிச்சம். புவனா மட்டும் கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சுருக்கு முடிச்சுக்குள்ளும் வெள்ளை. அதை அவள் கண்ணால் பார்த்தாள். செருகு முடிச்சுக்குள்ளும் வெள்ளை. அப்படியென்றால் இங்கே சிவப்புப் பூவே இல்லை.

அவளுக்கு முன்னால் யாரோ அவள் செய்ய நினைத்ததைச் செய்துவிட்டிருக்கிறார்கள்.

*

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. பெண் தன் கையாலேயே வாய்க்காலில் விட்டுவிட வேண்டும். ஆத்தா சொல்லாமல் வைத்துக்கொண்ட பதிலை மனிதர்கள் பார்க்கக் கூடாது என்பது ஏற்பாடு. பூசாரி அதைப் புவனாவின் உள்ளங்கையில் வைத்தார்.

படிக்கட்டில் அவளோடு அப்பாவும் இறங்கினார். தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் வாழைத்தோப்பு அசையாமல் நின்றது.

"பிரிச்சுப் பாக்கோணும்னு இருக்குதா?" என்றார் தம்பிதுரை.

"இல்லீங்கப்பா."

"அதுஞ் செரிதான். ஏற்கெனவே பாத்துப்போட்டியே."

புவனா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அப்பா பொட்டலத்தின் மேலிருந்த ரிப்பன் சுருக்கை விரலால் தட்டினார்.

"இது நான் போட்ட முடிச்சு இல்லை. எஸ்டேட்டுல சாம்பிள் தேயிலை கட்டறப்ப பழகினது கண்ணு. அவுக்கறது சுலுவு, திரும்ப அதே மாதிரி கட்ட வராது. நடுவழியில எவனாச்சும் பிரிச்சுத் தேயிலையை மாத்தினா தெரிஞ்சுபோகும்."

"நீங்களா கட்டினீங்க? பூசாரி இல்லீங்களா?"

"அவருக்குக் கை நடுங்குது. நானே கட்டித் தாரேன்னு வாங்கிட்டேன்."

மொட்டையாக நின்ற நந்தியாவட்டையும் ஒரு பூக்கூடக் குறையாத செவ்வரளியும் புவனாவின் கண்முன் வந்து போயின.

"ரெண்டுலயும் வெள்ளையைக் கட்டி வெச்சுட்டு, ஒண்ணுந் தெரியாத மாதிரி... அப்பா, ஆத்தா முன்னாலயே இப்படிச் செய்யலாமுங்களா?"

"நீ பைக்குள்ள என்னத்தை வெச்சிருக்கறே, அதைக் காட்டு மொதல்ல."

அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தம்பிதுரை சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்தார்.

"ஆத்தாகிட்டக் கேக்கறதுக்கு எனக்கு ஒண்ணுமில்லை. நேத்து ராத்திரியே அவகிட்டச் சொல்லிப்போட்டேன். குடுத்த வாக்கை மீறுன்னு அவ சொல்லமாட்டா. அண்ணன்தான் சொல்லுவாரு. அவருக்கு ஒரு உத்தரவு வேணும். அதான் கட்டிக் குடுத்தேன்." தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். "நீதானே சொன்னே? வாக்கு முந்தி, உத்தரவு பிந்தி. நேத்து நீ அதைச் சொன்னப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. இவளுக்குத் தெரிஞ்சுபோச்சோன்னு பயந்து தோட்டத்துக்கு ஓடிட்டேன்."

புவனா பொட்டலத்தைத் தண்ணீரில் விட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றி, ரிப்பன் சுருக்கோடு மிதந்து போனது.

"வாக்கா? யாருக்குங்கப்பா வாக்குக் குடுத்தீங்க? அம்மாவுக்கா?"

"அவளுக்கே தெரியாது."

"அப்பறம் யாருக்கு?"

தம்பிதுரை கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார். வேப்பமரத்தடியில் ரவிதேஜா சுப்பண்ணனோடு பேசிக்கொண்டிருந்தான். ஊரில் ஒரு வெளியாளையும் விட்டுவைக்காத ராக்கி, அவன் ஷூவின் மேல் மோவாயை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"போன மாசம் கோயமுத்தூர்ல இருந்து ஆள் வந்து மோட்டாரை ஒரே நிமிசத்துல சரி பண்ணினதா அம்மா சொன்னாளா?"

"சொன்னாங்க."

"மோட்டாருக்கு ஒண்ணுமே ஆகலை கண்ணு. அவரு தனியா வந்து, மோட்டார் ரூம் வாசல்ல நின்னு, உன்னைக் கட்டிக் குடுங்கன்னு கேட்டாரு. அன்னிக்கே அவரு கையைப் புடிச்சு வாக்குக் குடுத்துப்போட்டேன்." எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "உன்ற கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னது மட்டுந்தான் என்ற பிஹெஸ்ட்டு."